அத்தியாயம் ஏழு: கத்தரிக்கோல் கேட்டவள்

"இதை யாரும் தொடலையே?" என்று அண்ணி கேட்டபோது, அந்தப் பார்சலைக் குறைந்தது ஒன்பது பேர் தொட்டு, திருப்பி, குலுக்கிப் பார்த்து முடித்திருந்தார்கள்.

"நான் ஒருத்தன்தான் பாக்கி அண்ணி. ஒரு விரல் வச்சுட்டேன்னா ரவுண்டா பத்து" என்றான் கொழுந்தன்.

அண்ணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரயில்வே பார்சல் ஆபீசில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்து, ஊர் பேர் இல்லாத மூட்டைகளுக்கு உரியவரைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் அவள். வேலையை விட்ட பிறகு அதே வித்தையை மனிதர்களிடம் காட்ட ஒரு துப்பறியும் நிறுவனம் ஆரம்பித்தாள். கொழுந்தன் அவள் கணவனின் தம்பி. வாய்த்துடுக்கால் மூன்று வேலைகளைத் தொலைத்தவன். "இவனை நீயே வச்சுக்க, உனக்குத்தான் கோபம் வராது" என்று அண்ணன் தள்ளிவிட்ட நாளிலிருந்து, அண்ணிக்குக் கார் ஓட்டுவதும் கூடவே அலைவதும்தான் அவன் உத்தியோகம்.

அவர்கள் நின்றிருந்த வீட்டுக்கு வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. உள்ளே பதினொரு பெண்கள் இருந்தார்கள். ஆட்களைக் கடத்தி விற்கும் கும்பல்களிடமிருந்து மீட்கப்பட்டவர்கள். பூட்டிய கொட்டகைகளில் பொழுது விடிந்ததும் தெரியாமல் அடைந்ததும் தெரியாமல் வேலை வாங்கப்பட்டவர்கள். படுக்கை, மருந்து, மனநல ஆலோசனை, வக்கீல், கைத்தொழில் எல்லாம் இங்கே ஏற்பாடு. இந்த விலாசம் தபால்காரருக்கே தெரியாது. கடிதங்கள் இரண்டு தெரு தள்ளியிருக்கும் அலுவலகத்துக்குத்தான் போகும். வந்த முதல் நாளே ஒவ்வொருத்தியும் தனக்கு ஒரு புதுப் பெயர் வைத்துக்கொள்வாள். சொந்தப் பெயர் பீரோவில் பூட்டிய ஃபைலில் தூங்கும்.

அப்படிப்பட்ட வீட்டின் பால் பெட்டியில் அன்று காலை ஆறரை மணிக்கு ஒரு பார்சல் கிடந்தது. மேலே, இங்கே சிட்டு என்று அழைக்கப்படும் இருபத்தோரு வயதுப் பெண்ணின் சொந்தப் பெயர். உள்ளே ஒற்றைத் தோடு. கொட்டகையில் பிடுங்கிக்கொண்டார்கள் என்று அவள் சொல்லியிருந்த தோடு. இன்னொரு தோடு இப்போதும் அவள் காதில் இருந்தது.

"ஒரு வரி எழுதலை பார்த்தீங்களா? எழுதவே வேண்டாம்" என்றாள் காப்பாளர். ஐம்பது வயது, வீட்டில் எல்லோருக்கும் அவள் பெரியக்கா. காலையிலிருந்து அவள் உட்காரவே இல்லை. "நீ எங்க இருக்கேன்னு எங்களுக்குத் தெரியும்கறாங்க. நாளன்னைக்கு அவ கோர்ட்ல சாட்சி சொல்லணும். காலையிலேருந்து ஒரு வாய் சாப்பிடலை."

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டாள் அண்ணி.

"நாலு மணிக்கு வேன் வருது. பத்துப் பேரையும் வேற வீட்டுக்கு மாத்தறேன்."

"பதினொண்ணு."

"பத்து. சிட்டுவை அவ மாமாகிட்ட ஒப்படைக்கிறேன். கூடப் பிறந்த அக்கா பொண்ணு, அவருக்கு இல்லாத அக்கறையா? சாட்சி முடிஞ்சதும் அனுப்பறதா இருந்தோம், இன்னைக்கே அனுப்பிடலாம். வீட்டு விசாரணை போன மாசமே முடிஞ்சது. நல்ல குடும்பம். மூணு மணிக்கு ஆபீசுக்கு வர்றார், கோர்ட்டுக்கும் அவரே கூட்டிட்டு வந்துடுவார்." பெரியக்கா ஒரு மூச்சு விட்டாள். "எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். விலாசம் யார் மூலமா வெளியே போச்சு? அது தெரியாம புது வீட்டுக்குப் போனா, நாளைக்கே அங்கேயும் ஒரு பார்சல் வரும். இந்தப் பிள்ளைங்களை எத்தனை வீடு மாத்துவேன் நான்?"

மாடியில் பீரோக்கள் இழுபட்டன. யாரோ ஒருத்தி பக்கெட்டுக்குள் செருப்புகளைப் போட்டாள், எடுத்தாள், மறுபடியும் போட்டாள். அந்த வீட்டில் அன்று எந்தப் பொருளும் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓரிடத்தில் இருக்கவில்லை. கொழுந்தனுக்கே காலில் எறும்பு ஏறியதுபோல் இருந்தது.

மணி பத்தேகால்.

பால்காரரை அவருடைய டிப்போவில் பிடித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு டயருக்குப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வீட்டுப் பால் பெட்டிச் சாவி உங்ககிட்டதானே?" என்று அண்ணி கேட்டாள்.

அவர் இடுப்புக் கயிற்றைத் தூக்கிக் காட்டினார். "ஒண்ணே ஒண்ணு. இதோ. செவுத்துல பதிச்ச பெட்டிம்மா. தெருப்பக்கக் கதவை நான் திறந்து பாலை வச்சுப் பூட்டிடுவேன். உள்பக்கக் கதவை அவங்க திறந்து எடுத்துக்குவாங்க. அந்த வீட்டுல யார் இருக்காங்கன்னு நான் கேட்டதில்ல, அவங்க சொன்னதில்ல."

"இன்னைக்கு எத்தனை மணிக்கு வச்சீங்க?"

"அஞ்சரை. எட்டுப் பாக்கெட்டு. பெட்டி துடைச்சு விட்டாப்ல காலி."

"பார்சல் எதுவும் இல்ல?"

"நான் பால்காரன்மா. பார்சல் இருந்தா பாலை எங்க வைப்பேன்?"

காருக்குத் திரும்பும் வழியில் கொழுந்தன் சிரித்தான். "எனக்குப் போட்டியா ஒருத்தர் வந்துட்டார். இவரையும் வேலைக்குச் சேர்த்துக்கலாம் அண்ணி, பாலும் மிச்சம்."

அண்ணி பையிலிருந்து பார்சல் பெட்டியை எடுத்து அடிப்பக்கத்தை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். "தடவிப் பாரு."

தடவினான். "அட்டை."

"எப்படி இருக்கு?"

"சொரசொரன்னு, மொறமொறன்னு. நம்ம வீட்டுத் தோசை இப்படி இருந்தா அண்ணன் சண்டையே போட மாட்டார்."

"ஐஸ் பெட்டியிலேருந்து வந்த பால் பாக்கெட்டுங்க மேல கிடந்த அட்டைடா இது. சமையல்காரம்மா ஆறரைக்குத்தான் எடுத்தாங்க. ஒரு மணி நேரம் கிடந்திருந்தா அடி ஊறிப் பிஞ்சு போயிருக்கும். இதுல ஒரு கறைகூட இல்ல. அவங்க வந்து எடுக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் யாரோ வச்சிருக்காங்க. தெருப்பக்கம் பூட்டு. அப்போ எந்தப் பக்கத்திலேருந்து?"

கொழுந்தனுக்குச் சிரிப்பு நின்றது. "வீட்டுக்குள்ளேருந்தா?"

"பேரு எழுதியிருக்கற அழகைப் பாரு. வலது கைக்காரங்க இடது கையால எழுதினது. முன்னப்பின்னப் பார்க்காத ரவுடிக்குக் கையெழுத்தை மறைக்கணும்னு என்ன தலையெழுத்து? நம்ம கையெழுத்து தெரிஞ்சவங்ககிட்டதானே மறைக்கணும்?"

வீட்டுக்குள் இருந்தவர்களை அவன் விரல் விட்டு எண்ணினான். பெரியக்கா, சமையல்காரம்மா, காவல்காரம்மா, பதினொரு பெண்கள். "சமையல்காரம்மாதான். பார்சலைக் கண்டுபிடிச்சது அவங்க. இவ்வளவு களேபரத்திலேயும் எனக்கு டீ கொடுத்தாங்க. மடியில கனம் இருக்கறவங்கதான் இப்படி விழுந்து விழுந்து கவனிப்பாங்க."

"அப்போ நம்ம வீட்டுல உனக்கு டீ கொடுக்கற நான் எத்தனை கொலை பண்ணியிருக்கணும்?"

வண்டியை எடு என்றாள்.

மணி பதினொன்றரை.

காப்பகத்தின் சாப்பாட்டு மேசையில் அண்ணி பெட்டியை வைத்து, பார்சல் ஒட்டியிருந்த பழுப்பு டேப்பின் முனையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். சுற்றிலும் பெண்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். சிட்டு ஒரு தட்டில் காலி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒல்லியான பெண், இடது காதில் மட்டும் தோடு.

"இது வெட்டினது இல்ல. பல்லால கடிச்சுக் கிழிச்சது" என்றாள் அண்ணி.

வழக்கமாக இப்படிப்பட்ட சங்கதிகளை அவள் கொழுந்தன் காதில்தான் சொல்வாள். இப்போது பந்தியில் பரிமாறுகிறவளைப்போல உரக்கச் சொன்னாள். ஒரு டம்ளர் கீழே விழுந்து உருண்டது. சிட்டு குனிந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பெரியக்கா ஓடி வந்து முனையைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. "எங்க வீட்டுல கத்தரிக்கோல், கத்தி எதுவும் வெளியே கிடக்காதுங்க. புதுசா வர்ற பிள்ளைங்க சில சமயம் தங்களையே காயப்படுத்திக்கும். அதனால ஒரே ஒரு கத்தரிக்கோல், அதுவும் என் ரூம்ல ஆணியில தொங்கும். கையெழுத்துப் போட்டு வாங்கி, பத்து நிமிஷத்துல திருப்பித் தரணும். அதுக்குச் சோம்பல் பட்டுக்கிட்டு இங்க எல்லாரும் டேப்பு, நூல், பிஸ்கெட் பாக்கெட்டு எல்லாத்தையும் கடிச்சுத்தான்..." அவள் பாதியில் நிறுத்தினாள். "எங்க வீட்டு ஆளா?"

"மூட்டை கட்டற வேலை எவ்வளவு பாக்கி?" என்றாள் அண்ணி.

"பாதிக்கு மேல இருக்கு."

"ஆளுக்கு ஒரு அட்டைப்பெட்டியும் ஒரு டேப்பும் கொடுங்க. எல்லாரும் கூடத்துல உட்கார்ந்து ஒட்டட்டும்."

கொடுத்தார்கள். அடுத்த கால் மணி நேரம் கூடம் முழுக்க ஒரே சத்தம்: டேப்பை இழுக்கும் 'சர்ர்', கடிக்கும் 'டக்'. கொழுந்தன் நோட்டுப் புத்தகத்தோடு சுவரோரம் நின்று கவனித்தான். முதல் பெண் கடித்தாள். இரண்டாவது பெண் கடித்தாள். காவல்காரம்மா கடைவாய்ப் பல்லால் கடித்தாள். சமையல்காரம்மாவுக்கு முன்பல் இரண்டு இல்லை. அவளும் எப்படியோ கடித்தாள்.

"அண்ணி, மொத்த வீடும் எலி வம்சம்" என்று முணுமுணுத்தான். "இதுல யாரைன்னு பிடிக்கறது? நான் ஒரு சுண்டெலியைக்கூடப் பிடிச்சதில்ல."

"கடிக்கறவங்களை ஏன் எண்ணறே?"

"பின்னே?"

அண்ணி பெரியக்காவின் அறைப் பக்கம் கண்ணைக் காட்டினாள். வாசலில் சிட்டு நின்றிருந்தாள். கையில் டேப். பெரியக்கா நீட்டிய நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு தலை குனிந்தபடி கூடத்துக்கு வந்தாள்.

"எட்டு மாசமா இந்த வீட்டுல இருக்கா" என்றாள் அண்ணி மெதுவாக. "அந்த நோட்டை இப்பதான் புரட்டினேன். இவ பேரு இன்னைக்குத்தான் முதல் தடவை ஏறுது. கடிச்ச முனையைப் பத்தி நான் சத்தமா பேசினது அவங்க எல்லார் காதிலேயும் விழுந்துச்சு. அதுல பயந்தது ஒருத்திதான்."

கொழுந்தன் நோட்டுப் புத்தகத்தை மூடினான். மிரட்டல் யாருக்கு வந்ததோ அவளே அதை அனுப்பியிருக்கிறாள்.

மாடியில் தையல் மெஷின்கள் இருந்த அறை காலியாக இருந்தது. மெஷின்களுக்கு மூடி போட்டாகிவிட்டது. சிட்டு ஜன்னலோரம் நின்றாள். கொழுந்தன் வெளியே போகத் திரும்பியபோது, "அவரும் இருக்கட்டும். வாசல்ல நின்னு யாராவது வந்தா சொல்லட்டும்" என்றாள் சிட்டு. கதவைச் சாத்த வேண்டாம் என்றும் சொன்னாள்.

"தோடு எங்க இருந்துச்சு?" என்று கேட்டாள் அண்ணி.

"பாவாடை மடிப்புல தச்சு வச்சிருந்தேன். ரெண்டையும் பிடுங்கிடுவாங்கன்னு ஒண்ணை ஒளிச்சேன். பிடுங்கிட்டாங்கன்னே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"சாட்சி சொல்ல பயமா?"

"இல்ல. அதுக்குப் பயமே இல்ல." அவள் குரல் நடுங்கவில்லை. "சாட்சி முடிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அதுக்குத்தான் பயம்."

அண்ணி ஒரு மெஷின் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"போன வருஷம் இங்க ஒருத்திக்கு மிரட்டல் வந்துச்சாம். உடனே வேற ஊருக்கு மாத்திட்டாங்களாம், சொந்தக்காரங்களுக்குக்கூடச் சொல்லாம. எனக்கும் அப்படிப் பண்ணுவாங்கன்னு நினைச்சேன்." சிட்டு சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "அவளுக்கு வந்து கேக்க ஆளில்ல. எனக்கு மாமா இருக்கார்."

"பஸ் ஸ்டாண்டுல முன்னப்பின்ன தெரியாத ஒருத்தன் வேலை வாங்கித் தர்றதா கூட்டிட்டுப் போனான்னு வாக்குமூலத்துல இருக்கே."

"அதை எழுதறப்போ என் பக்கத்துல உட்கார்ந்திருந்தது யாரு? என்னை வித்தவர்தான்."

வேலியே பயிரை மேய்ந்த கதை. பள்ளிக்கூடத்தில் இந்தப் பழமொழியை நூறு தடவை எழுதியிருக்கிறான் கொழுந்தன். மேய்ந்து முடித்த வயலை இன்றுதான் நேரில் பார்த்தான். அந்த மாமாவின் சட்டைக் காலரைப் பிடிக்க வேண்டும்போல் கை துடித்தது.

"அம்மா அவர் வீட்டுலதான் இருக்காங்க" என்றாள் சிட்டு. "நான் வாயைத் திறந்தா அவங்க கதி? அதுவும் இல்லாம, முதல்ல ஒண்ணு சொல்லிட்டு இப்ப மாத்தினா, இவ பொய் சொல்றவன்னு வக்கீல் கேப்பாராம். என்னோட மாட்டின ஆறு பேர் கேசும் போயிடும். பார்சல் விஷயம் தெரிஞ்சா பெரியக்காவே என்னை நம்ப மாட்டாங்க."

கீழிருந்து பெரியக்காவின் குரல் வந்தது. மாமா சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டாராம், அலுவலகத்தில் காத்திருக்கிறாராம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. தப்பிக்கச் செய்த காரியமே அவளைப் பூதத்தின் கையில் இரண்டு நாள் முன்னதாகக் கொடுக்கப் பார்த்தது.

அண்ணி எழுந்தாள். "சிட்டு கொஞ்சம் கழிச்சு வரட்டும்னு சொல்லிட்டு நாங்க முன்னாடி போறோம். பார்சல் என்கிட்ட இருக்கட்டும்."

"அதைத் தூக்கிப் போட்டுடுங்க."

"ஏன்? நல்லாதானே செஞ்சிருக்கே. இன்னொரு தடவை உபயோகப்படும்."

மணி இரண்டரை.

அலுவலகம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, இரண்டு மேசையும் ஆறு நாற்காலியுமாக இருந்தது. மாமா எழுந்து நின்று கும்பிட்டார். சலவைச் சட்டை, மூக்குக்கண்ணாடி, கையில் ஒரு பை ஆப்பிள். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் நம்பிப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம் என்பது மாதிரியான முகம்.

பெரியக்கா படிவத்தை மேசையில் விரித்தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தாள். அண்ணி அதன் பக்கத்தில் பார்சலை வைத்தாள்.

"போன்ல உங்களுக்கு முழு விவரம் சொல்லலை" என்றாள் மாமாவிடம். "ஆபத்துன்னு மட்டும்தான் சொல்லியிருக்காங்க. விஷயம் இதுதான். உங்க அக்கா பொண்ணைப் பிடிச்சு வச்சிருந்த கும்பல் இன்னைக்குக் காலையில இதை அனுப்பியிருக்கு. மிரட்டல்."

மாமா பார்சலைப் பார்த்தார். அவர் முகத்தில் பயம் வரும் என்று கொழுந்தன் எதிர்பார்த்தான். வந்தது எரிச்சல். சொன்ன பேச்சைக் கேட்காத ஆள்மேல் வரும் எரிச்சல்.

"இருக்காதுங்க" என்றார்.

"ஏன் இருக்காது?"

"அவங்க அப்படியெல்லாம் பண்ண மாட்டாங்க. பண்ணவும் அவசியம் இல்லையே."

"அவசியம் இல்லையா?" அண்ணியின் குரல் வெகு சாதாரணமாக இருந்தது. "நாளன்னைக்கு அவ சாட்சி சொன்னா அவங்க பத்து வருஷம் உள்ள போவாங்க. இதைவிட என்னங்க அவசியம்?"

"அதான் நான் கூட்டிட்டுப் போறேனே" என்றார் மாமா.

சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார். கீழே மருந்துக்கடையில் யாரோ சில்லறை கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியக்கா அந்தப் படிவத்தை மெல்ல எடுத்து, நான்காக மடித்து, மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள்.

"நான் சொல்ல வந்தது வேறங்க. என் கூட இருந்தா பாதுகாப்புன்னு..."

"புரிஞ்சுதுங்க" என்றாள் பெரியக்கா. "அவளுக்கு இன்னைக்கு உடம்பு சரியில்ல. நீங்க கிளம்புங்க."

அவர் கிளம்பினார். படியிறங்கும்போதே போனைக் காதில் வைத்ததைக் கொழுந்தன் ஜன்னல் வழியாகப் பார்த்தான். ஆப்பிள் பையை மறக்காமல் எடுத்துப் போயிருந்தார். "பழம்கூடத் தப்பான ஆளுக்குப் போகக் கூடாதாம்" என்றான். யாரும் சிரிக்கவில்லை, அவனும் சிரிக்கவில்லை.

பெரியக்கா காலையிலிருந்து முதன்முதலாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். "பார்சல் அவதானா?"

"ஆமா. அவளுக்குத் தெரிஞ்ச ஒரே வழி அதுதான்."

"வீட்டு விசாரணைக்கு நானே போனேன். வீடு எப்படி, வருமானம் எப்படி, இவளை ஏத்துக்க உங்களுக்குச் சம்மதமான்னு எல்லாரையும் கேட்டேன். பதினாலு கேள்வி இருக்கு அந்தப் படிவத்துல." அவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "அவங்களை ஏத்துக்க உனக்குச் சம்மதமான்னு அவகிட்ட நான் கேக்கவே இல்லையே."

"இப்பக் கேளுங்க" என்றாள் அண்ணி. "வயசு இருபத்தொண்ணு. மாட்டேன்னு அவ சொன்னா அனுப்ப எந்தச் சட்டத்திலயும் இடம் இல்ல. ஆனா ஒரு தடவை வாய் தவறினதுக்காக அந்த ஆளை யாரும் உள்ள வைக்க மாட்டாங்க. அவ கோர்ட்ல அவர் பேரைச் சொல்லணும்."

மணி மூன்றேமுக்கால். வேன் வாசலில் நின்றது. பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. சிட்டு படியில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டாள். பெரியக்கா அவளைத் திட்டவில்லை. அவள் கன்னத்தைத் தொட்டாள். கேட்க வேண்டிய அந்தக் கேள்வியைத் தெருவில் வைத்தே கேட்டாள். சிட்டு "மாட்டேன்" என்றாள். ஒரே சொல்தான். எட்டு மாதமாக அது அவள் வாயிலேயே இருந்திருக்க வேண்டும்.

"கோர்ட்ல?" என்று கேட்டாள் அண்ணி.

"சொல்றேன். முதல் பேரா அவர் பேரைத்தான் சொல்வேன். பக்கத்துல யார் உட்கார்ந்திருந்தாங்கன்னும் சொல்வேன்." சிட்டு வேனில் ஏறாமல் நின்றாள். "அதுக்கு முன்னாடி அம்மாவை அங்கேருந்து கூட்டிட்டு வந்துடணும்."

"கார்ல எவ்வளவு நேரம்?" அண்ணி கொழுந்தனைப் பார்த்தாள்.

"ரெண்டரை மணி. அவர் பஸ்ல போறார், நாலு மணி ஆகும். பெட்ரோல் இருக்கு, டயர் இருக்கு, பிரேக் மட்டும் கொஞ்சம் கோவிச்சுக்கிட்டிருக்கு" என்றான் கொழுந்தன். சொல்லும்போதே கதவைத் திறந்துவிட்டான்.

அண்ணி உட்காரப் போனவள், நின்றாள். கேட்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தது அவள் முகத்தில் தெரிந்தது. பிறகு கேட்டாள்.

"சிட்டு, மாமா பண்ணினது அம்மாவுக்குத் தெரியுமா?"

வேன் டிரைவர் ஹாரன் அடித்தார். பெரியக்கா அவரைக் கையமர்த்தினாள். சிட்டு காரின் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அழவில்லை.

"தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டுத்தான் தினமும் தூங்கறேன்" என்றாள். "நீங்க போய்ப் பாருங்க. தெரியும்னா, அவங்களைக் கூட்டிட்டு மட்டும் வாங்க. என்கிட்ட அதைச் சொல்லாதீங்க."

கொழுந்தன் வண்டியை எடுத்தான்.